அடுத்தடுத்த இருக்கை

லிஃப்ட் மெக்கானிக், தன் மனைவிக்குக் கொடுத்த வாக்குகளில் பாதியையாவது காப்பாற்றியவர் என்று பேர் எடுத்திருந்தார். பேர் எடுத்தது தன்னிடமேதான். மனைவியிடம் யாரும் விசாரித்ததில்லை.

அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு, வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் கேளிக்கைப் பூங்காவுக்கு இரண்டு நுழைவுச்சீட்டுகள் அனுப்பியிருந்தாள். "அம்மாவை ஆகாயப் பாம்புல ஏத்தாம திரும்பி வந்தீங்கன்னா உங்களோட பேசமாட்டேன்" என்று போனில் அப்பாவை மிரட்டியும் வைத்திருந்தாள். ஆகாயப் பாம்பு என்பது அந்தப் பூங்காவின் ரோலர் கோஸ்டர். பதினேழு மாடி உயரம் ஏறி, தலைகீழாக இரண்டு முறை சுற்றி, மூன்று நிமிஷத்துக்குள் ஆளை இறக்கிவிடும்.

மனைவி ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பவள். தினமும் நாற்பது பேருடைய பயத்தைக் கையால் தொட்டுப் பார்க்கிறவள். அவளுக்கு உயரம் ஆகாது. மூன்றாவது மாடி ஜன்னலைச் சாத்துவதற்குக்கூடக் கணவரைத்தான் கூப்பிடுவாள்.

"நீ எதுக்குப் பயப்படறே?" என்றார் மெக்கானிக். "நான் தினம் இருபது மாடி இருட்டுல தொங்கி வேலை பார்க்கிறவன். உன் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பேன். ஏறினதுலேர்ந்து இறங்கற வரைக்கும் உன் கையை விடமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

இந்த ஒரு சொல்லை நம்பி அவள் ஒன்றே முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றாள். மேலே போகிற ஒவ்வொரு வண்டியிலிருந்தும் வந்த அலறலுக்கு ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள். ஆனாலும் திரும்பிப் போகலாம் என்று சொல்லவில்லை.

ஏறுமேடையில் வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். கழுத்தில் விசில். வண்டியில் வரிசைக்கு இரண்டு இருக்கையாகப் பன்னிரண்டு வரிசைகள். அவள் யார் முகத்தையும் பார்க்காமல் இரண்டு விரலை நீட்டி எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஒண்ணு. நீங்க பதினொண்ணு."

மெக்கானிக் அதை வாய் தவறி வந்தது என்று நினைத்தார். "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கோம்மா."

"தெரியுது சார்."

"அப்ப சேர்ந்து உட்காரணுமே."

"சேர்ந்து வர்றது உங்க இஷ்டம் சார். உட்கார்றது எங்க பொறுப்பு."

அவர் எட்டிப் பார்த்தார். நான்காவது வரிசையில் இரண்டு இருக்கைகளும் ஆள் இல்லாமல் இருந்தன. "அதோ, நாலு காலியாத்தானே இருக்கு?"

"காலி இல்ல சார். ஒதுக்காம இருக்கு."

அந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் யோசிப்பதற்குள் விசில் அடித்தது. ஏழாவது வரிசையில் கையைக் கோத்தபடி உட்கார்ந்திருந்த ஒரு இளம் ஜோடியைக் கிளப்பி, பெண்ணை இரண்டிலும் பையனை ஒன்பதிலும் கொண்டுபோய் வைத்தார்கள். ஒன்பதில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது வேறு ஒருவரின் புது மனைவி. யாரும் எதுவும் பேசவில்லை. இத்தனை நேரம் நின்ற பிறகு எங்கே வைத்தாலும் உட்காருகிற பக்குவம் எல்லோருக்கும் வந்திருந்தது. மெக்கானிக்கும் மனைவியும் ஏறாமல் ஒதுங்கி நின்றார்கள். வண்டி கிளம்பியது. நான்காவது வரிசையின் ஒதுக்காத இருக்கைகள் இரண்டும் பதினேழு மாடி ஏறி, தலைகீழாக இரண்டு முறை சுற்றி, பத்திரமாகத் திரும்பி வந்தன.

சூப்பர்வைசர் வந்தார். குரலை உயர்த்தாமல் பேசுவதற்குப் பயிற்சி பெற்றவர்.

"இந்தப் பூங்காவுல நாங்க யாரையும் பிரிக்கறதில்ல சார். தனித்தனியா உட்கார வைக்கறோம், அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"எடை சமநிலை. ஒரு பக்கம் கனமா, ஒரு பக்கம் லேசா இருந்தா வண்டி என்ன ஆகும்?"

இது மெக்கானிக்கின் சொந்த ஊர்ப் பேச்சு மாதிரி. "எடையைப் பத்தி எங்கிட்டச் சொல்லாதீங்க. லிஃப்டுக்கு எதிர் எடை மாட்டறதே என் வேலை. எங்களை யாராவது எடை போட்டீங்களா?"

"எடை போடறது மரியாதை இல்ல சார்" என்றார் சூப்பர்வைசர், மனம் புண்பட்டவராக. "பார்த்தே தெரிஞ்சுப்போம். உங்களுக்குப் பக்கத்துல உட்காரணும்னா அருகமர்வு அலுவலகத்துல ஒரு மனு கொடுங்க. அஞ்சு நிமிஷ வேலை."

மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "விடுங்க. வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்."

"அதெப்படி? வாக்குக் கொடுத்திருக்கேன்ல? நீ இந்த பெஞ்சுல உட்காரு. அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை முன்பே எங்கோ பார்த்த ஞாபகம் அவருக்கு வந்தது. எங்கே என்று யோசிக்க நேரமில்லை. இரண்டு பைகளையும் அவள் மடியில் வைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

அருகமர்வு அலுவலகத்தின் முன்கூடத்தில் நாற்பது நாற்காலிகள், முதுகில் எண் பொறித்த தகடுகளோடு. வாசலில் அவருக்கு ஏழாம் எண் வில்லை கொடுத்தார்கள். ஏழாம் நாற்காலியில் ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பிக் கேட்டால் அவருடைய வில்லை முப்பத்தொன்று. முப்பத்தொன்றில் உட்கார்ந்திருந்த அம்மாளின் வில்லை பன்னிரண்டு.

"அப்ப பன்னிரண்டுக்குப் போங்களேன்" என்றார் மெக்கானிக்.

"பன்னிரண்டு ரிப்பேருக்குப் போயிருக்கு தம்பி."

சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு: அனைவரும் அவரவர் நாற்காலியில் அமர்ந்த பிறகே மனுக்கள் பரிசீலிக்கப்படும்.

"எப்பலேர்ந்து இப்படி உட்கார்ந்திருக்கீங்க?"

"இன்னைக்கா? காலையிலேர்ந்து." அந்த அம்மாள் அலுப்பில்லாமல் சொன்னாள். "நான் வர்றது மூணாவது தடவை. என் ரெட்டைப் பிறவி அக்காவோட பக்கத்துல உட்காரணும்னு மனு போட்டேன். முகம் ஒண்ணா இருக்கறது சேர்ந்து வந்ததுக்குச் சான்று ஆகாதுன்னுட்டாங்க."

மெக்கானிக்கின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் இருக்கும். நாற்பதாம் நாற்காலிக்கு வில்லை வாங்கியவர் யாரும் இல்லை என்று விசாரித்து உறுதி செய்துகொண்டார். அதன் தகட்டைக் கழற்றினார். பின்பக்கத்தில் பேனாவால் பன்னிரண்டு என்று எழுதித் திருப்பி மாட்டினார். அம்மாள் எழுந்து அதில் உட்கார்ந்தாள். குறட்டைக்காரர் முப்பத்தொன்றுக்குப் போனார். மெக்கானிக் ஏழில் உட்கார்ந்தார். எங்கேயோ உள்ளே மணி அடித்தது. கூடத்தில் சிலர் கைதட்டினார்கள். ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் நாற்பத்தைந்து நிமிஷம் ஓடியிருந்தது.

உள்ளே இருந்த அலுவலர் நான்கு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார். "உண்மையை எழுதுங்க. இதே படிவத்தை உங்க மனைவிக்கும் ஆள் மூலமா அனுப்புவோம். ரெண்டும் ஒத்துப்போனா நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தவங்கன்னு அர்த்தம்."

முதல் பக்கம் சுலபமாகப் போயிற்று. இரண்டாவது பக்கத்தில், 'சேர்ந்து வாழ்ந்த காலம்' என்ற கேள்விக்கு இருபத்தைந்து வருஷம் என்று எழுதினார். அதற்குக் கீழே இன்னொரு கேள்வி: 'அதில் உண்மையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலம்.'

பேனா நின்றது. வீட்டில் அவர் சோபாவில் உட்காருவார், அவள் எதிர் நாற்காலியில். சாப்பாட்டு மேஜையில் அவள் பரிமாறிக்கொண்டே நின்றபடி சாப்பிட்டுவிடுவாள். பேருந்தில் பெண்கள் பக்கம் அவள், ஆண்கள் பக்கம் அவர். சினிமாவுக்குப் போனால் நடுவில் மகள். கூட்டிக் கழித்துப் பார்த்ததில் ஒன்றரை வருஷம் தேறியது. எழுதியதைப் பார்க்க அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது. அடித்துவிட்டு மூன்று வருஷம் என்று எழுதினார்.

அலுவலர் எட்டிப் பார்த்து, "பரவாயில்ல, எல்லாரும் ரெட்டிப்பாக்கித்தான் எழுதறாங்க. நாங்க பாதியாக்கிப்போம்" என்றார் கனிவோடு.

'துணைவர் பயப்படும் மூன்று விஷயங்கள்' என்ற இடத்தில் உயரம் என்று உடனே எழுதினார். இடி என்று எழுதினார். மூன்றாவதற்கு நெடுநேரம் யோசித்து, கரப்பான்பூச்சி என்று முடித்தார். கடைசிப் பக்கத்தில் கோரிக்கையைச் சொந்த வாக்கியத்தில் எழுதச் சொல்லியிருந்தது. 'நானும் என் மனைவியும் அடுத்தடுத்து உட்கார அனுமதிக்க வேண்டுகிறேன்' என்று குண்டு குண்டாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

குழு கூடுவதற்கு மேலும் ஒரு மணி நேரம் ஆயிற்று.

நீள மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி ஆளில்லாமல் விடப்பட்டிருந்தது. நடுநாயகமாக இருந்த தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஆரம்பித்தார்.

"எங்களைக் கல்நெஞ்சுக்காரங்கன்னு நினைக்கறீங்க. அது தப்பு. இந்தப் பூங்கா ஆரம்பிச்சப்போ ஜனங்க அவங்கவங்க இஷ்டத்துக்கு உட்கார்ந்தாங்க. நாலு வருஷம் அப்படியே நடந்துது. என்ன ஆச்சு தெரியுமா?"

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமே ஆகல. ஒரு சண்டை இல்ல, ஒரு புகார் இல்ல. அப்படியே விட்டா எங்கே போய் முடியும்? அதனாலதான் இருக்கை ஒதுக்கீட்டுத் துறையை அமைச்சாங்க. மூணு பேரோட ஆரம்பிச்சோம். புகார் வர ஆரம்பிச்சுது. புகாரைப் பார்க்க ஆள் தேவைப்பட்டுது. இன்னைக்கு எண்பத்து மூணு பேர் இருக்கோம்." அவர் குரலில் பெருமிதம் தழுதழுத்தது.

"வண்டியில இருக்கறதே இருபத்து நாலு சீட்டுதானேம்மா?" என்றார் மெக்கானிக்.

"அதுதான் சவாலே."

"நீங்க யாராவது அதுல ஏறியிருக்கீங்களா?"

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஏறணும்னு எல்லாருக்கும் ஆசைதான்" என்றார் தலைவி மெதுவாக. "ஆனா எங்களுக்கு யார் இடம் ஒதுக்கறதுன்னு இன்னும் முடிவாகல." பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதங்களைப் பிரித்தார். "சரி. உங்க படிவமும் உங்க மனைவியோட படிவமும் வந்திருக்கு. பக்கத்துல உட்கார்ந்திருந்த காலம். நீங்க மூணு வருஷம்னு சொல்றீங்க. அவங்க, 'ஞாபகம் இல்லை'ன்னு எழுதியிருக்காங்க."

"அவளுக்குக் கணக்கு வராது."

"பயப்படும் மூணு விஷயங்கள். அவங்க பதில் இது. ஒண்ணு, உயரம், இன்று மத்தியானம் வரை. ரெண்டு, ஆஸ்பத்திரி வராண்டா. மூணு..." தலைவி காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "'அஞ்சு நிமிஷம்' என்ற வார்த்தை. கரப்பான்பூச்சி எங்கேயும் இல்ல."

வெளியே வண்டி ஒன்று தடதடவென்று இறங்கிப் போகிற சத்தம் கேட்டது.

"கடைசிக் கேள்விதான் எங்களுக்கு முக்கியம். ஆபத்தான நேரத்தில் யாருடைய கையைப் பிடிப்பீர்கள்? நீங்க, 'என் மனைவியின் கையை'ன்னு எழுதியிருக்கீங்க. நல்ல பதில். உங்க மனைவி 'கம்பியை'ன்னு எழுதியிருக்காங்க."

"என்னது?"

"கம்பியை. ஒரே வார்த்தை. எழுத்து தெளிவா இருக்கு."

காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். அவள் கையெழுத்துதான். ரத்த மாதிரிக் குப்பிகளில் நோயாளிகளின் பேரை எழுதி எழுதிப் பழகிய, தப்பாகப் படிக்கவே முடியாத எழுத்து. இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவள், முன்பின் தெரியாத ஐந்து பேர் படிக்கும்படி இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதுவும் அவளுக்காக அவர் ஒரு முழு மத்தியானத்தை இங்கே கரைத்துக்கொண்டிருக்கும்போது.

"இருந்தாலும்" என்று தலைவி பெரிய மனசோடு தொடர்ந்தார், "கல்யாண நாள்னு கேள்விப்பட்டோம். அதனால உங்க கோரிக்கையைக் குழு ஏத்துக்குது." எழுந்து நின்று ஆணையைப் படித்தார்: "மனுதாரரும் அவர் மனைவியும் அடுத்தடுத்து உட்கார இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறார்கள். ஆறாம் வரிசை, இடப்பக்க இருக்கை. மனைவி, ஐந்து நாற்பது வண்டியில். மனுதாரர், ஐந்து ஐம்பது வண்டியில்."

மெக்கானிக் இரண்டு தடவை கேட்டு வாங்கிப் படித்துப் பார்த்தார். "ஒரே சீட்டா இருக்கே?"

"ஆமா. அவங்க உட்கார்ந்து எழுந்ததும் நீங்க உட்காருவீங்க. அடுத்தடுத்து."

"அடுத்தடுத்துன்னா பக்கத்துப் பக்கத்துலம்மா!"

"பக்கத்துல வேணும்னா பக்கத்துலன்னு எழுதியிருக்கணும். எங்களால மனுவைத்தான் படிக்க முடியும் சார். மனசைப் படிக்க முடியாது."

ஐந்து பேரும் அதை ரசித்துத் தலையாட்டினார்கள். ஒருவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஆணையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி மெக்கானிக் பெஞ்சுக்கு வந்தபோது பெஞ்சில் மனைவி இல்லை. பைகளும் இல்லை. கையுறைப் பெண் கைகளை உதறிக்கொண்டு ஓய்வுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"இங்கே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாங்களே?"

"அவங்க தனியாள் வரிசைக்குப் போய் ரொம்ப நேரமாச்சே சார்."

"அது என்ன வரிசை?"

"ஒத்தையா வர்றவங்களுக்குத் தனி வழி. நாங்க ஜோடிகளைப் பிரிக்கறப்போ நடுவுல ஒண்ணு ரெண்டு இடம் நிக்கும்ல, அதுல அவங்களை வெச்சு நிரப்புவோம். காத்திருக்கவே வேண்டாம். உடனே ஏறிடலாம்."

வெளியேறும் பாதையில் ஒரு புகைப்படக் கடை இருந்தது. வண்டி கீழே பாய்கிற கணத்தில் தானாகவே எடுக்கப்படும் படங்கள் சின்னச் சின்னத் திரைகளில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் நான்கு படங்களில் மெக்கானிக் தன் மனைவியைப் பார்த்தார். முதல் படத்தில், பக்கத்தில் பெரிய மீசை வைத்த ஒருவர் வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தார். அவருடைய மணிக்கட்டை ஒரு கையால் தடவிக் கொடுத்தபடி, மறு கையால் கம்பியைப் பிடித்து அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாவதில் பக்கத்தில் வேறு ஒருவர். அவள் கண்கள் திறந்திருந்தன. மூன்றாவதில் இரண்டு கைகளையும் மேலே தூக்கியிருந்தாள். நான்காவதில் தலைமுடி முழுக்க அவிழ்ந்து பறக்க, பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைத் தான் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம் என்று அவர் எண்ணிப் பார்த்தார். இந்தத் தடவை அதை இரட்டிப்பாக்கவில்லை.

"வந்துட்டீங்களா?"

திரும்பினார். அவள் முகம் சிவந்து, மூச்சு வாங்க நின்றிருந்தாள். இப்போதுதான் இறங்கியிருக்க வேண்டும்.

"நான் இல்லாம ஏறிட்டியே" என்றார். கோபமாகச் சொல்ல நினைத்ததுதான். குரல் வேறு மாதிரி வந்தது.

"ஒரு மணி நேரம் அந்த பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். போறவங்க வர்றவங்க எல்லாம் என்னைப் பார்த்துட்டே போனாங்க. ரெண்டு பையைக் கட்டிப் பிடிச்சிட்டு. அப்புறம் அந்தக் கையுறைப் பொண்ணுதான் சொல்லிச்சு, பையை லாக்கர்ல வெச்சிட்டு இந்தப் பக்கமாப் போங்கன்னு."

"உனக்குப் பயமா இல்லையா?"

"செத்துடுவேன்னுதான் நினைச்சேன். ஆனா பக்கத்துல உட்கார்ந்த ஆளு வண்டி நகர்றதுக்கு முன்னாடியே அழ ஆரம்பிச்சிட்டாரு. ஒண்ணுமில்ல சார், எறும்பு கடிக்கற மாதிரிதான், கையை லூஸா விடுங்கன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். இறங்கினப்புறம்தான் தெரிஞ்சுது, நான் பயப்படவே மறந்துபோயிட்டேன்." அவளுக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"ஆபத்துல யார் கையைப் பிடிப்பேன்னு கேட்டா, கம்பின்னு எழுதியிருக்கே. அஞ்சு பேருக்கு முன்னாடி படிச்சாங்க."

"உண்மையை எழுதச் சொன்னாங்க. மூணாவது தடவை ஏறிட்டு இறங்கறேன், ஒருத்தர் படிவத்தை நீட்டறாரு. கம்பியைத்தானே பிடிச்சிருந்தேன்?"

"அப்ப நான் யாரு?"

"நீங்க எங்கேங்க இருந்தீங்க?"

அவள் அதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்வதற்காகவே கேட்ட மாதிரி இருந்தது.

"எனக்கு வயித்துல ஆபரேஷன் ஆச்சே, ஞாபகம் இருக்கா?" என்றாள். "வராண்டாவுல ஸ்ட்ரெச்சர்ல படுக்க வெச்சிருந்தாங்க. தியேட்டர் கதவு வரைக்கும் ஒருத்தர் கூட வரலாம்னு சொன்னாங்க. நீங்க, ஜன்னல் இருக்கற ரூமைத் தரலன்னு சண்டை போடப் போனீங்க. அஞ்சு நிமிஷம்னுட்டுப் போனீங்க. என்னைத் தள்ளிட்டுப் போறப்போ வராண்டா கடைசி வரைக்கும் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் திறந்தா, ஜன்னல் ரூம் வாங்கிட்டேன்னு சிரிச்சுக்கிட்டு நிக்கறீங்க."

மத்தியானம் பெஞ்சில் பார்த்த அந்தப் பார்வை முன்பு எங்கே கிடைத்தது என்று மெக்கானிக்குக் கடைசியில் ஞாபகம் வந்தது. வந்திருக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

"அதுவும் உனக்காகத்தானே போனேன்?"

"தெரியும். அதனாலதான் இத்தனை வருஷமா உங்களைத் திட்டவும் முடியல." அவள் அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் பிரித்தாள். படித்தாள். மறுபடியும் படித்தாள். "இதென்ன, நான் இறங்கினப்புறம் நீங்க ஏறணுமா?"

"அடுத்தடுத்துன்னு எழுதிட்டேன்."

அவள் கொஞ்சம் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்து அவர் சட்டைப்பையில் வைத்து, பையைத் தட்டியும் விட்டாள். "மூடறதுக்கு இன்னும் அரை மணி இருக்கு. அஞ்சு நாற்பது வரைக்கும் யாரு காத்திருக்கறது? நான் இன்னொரு தடவை போறேன். நீங்களும் வர்றதுன்னா இந்தப் பக்கமா வாங்க."

இப்படி அவரை முந்திக்கொண்டு அவள் எங்கேயும் நடந்ததில்லை. பின்னாலேயே போனார்.

தனியாள் வரிசையின் வாசலில் ஒரு காவலாளி உறுதிமொழி அட்டையோடு நின்றிருந்தார். உள்ளே போகிறவர்கள் அதிலிருக்கும் மூன்று வரிகளைச் சத்தமாகப் படிக்க வேண்டும். சேர்ந்து வந்தவர்கள் குறுக்கு வழியில் நுழைந்து துறையை ஏமாற்றிவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு.

மனைவி அட்டையை வாங்கவில்லை. நேராக நின்று சொன்னாள்.

"என்னோடு யாரும் வரவில்லை. எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காருவேன்."

பரிசோதனைக்கூடத்தில் பேரையும் வயதையும் கேட்கிறபோது இருக்குமே, அதே குரல். ஒரு நடுக்கம் இல்லை. சொல்லி முடித்ததும் அவர் பின்னால் நிற்பது ஞாபகம் வந்து திரும்பினாள்.

"வரிசைக்காகச் சொல்றதுதாங்க" என்றாள் மெல்ல. கதவு திறந்தது. உள்ளே போனாள்.

மெக்கானிக் அட்டையைக் கையில் வாங்கினார்.

"என்னோடு யாரும் வரவில்லை." முதல் வரி எப்படியோ வெளியே வந்துவிட்டது. "எனக்காக யாரும்..." இரண்டாவதில் நிறுத்தி, உள்ளே போகிறவளைப் பார்த்தார்.

"சத்தமாச் சொல்லுங்க சார்" என்றார் காவலாளி. "இப்பப் போனாங்களே அந்தம்மா, அவங்களைப் பாருங்க. இன்னைக்கு அஞ்சாவது தடவை. ஒரு தடவைகூடத் தடுமாறல." சொல்லிக்கொண்டே வந்தவருக்குச் சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது. குரலைத் தாழ்த்தினார். "ஆமா, உங்ககிட்ட என்னமோ சொன்னாங்களே? அவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா? அப்படின்னா சொல்லிடுங்க. ரெண்டு பேரையும் நான் வெளியே அனுப்பியாகணும்."

உள்ளே நாலு அடி தூரத்தில் அவள் நின்றுவிட்டாள். திரும்பவில்லை. அவிழ்ந்த முடியைக் கொண்டை போடுகிற சாக்கில் இரண்டு கைகளும் பின்னந்தலையில் அப்படியே இருந்தன.

"தெரியாது" என்றார் மெக்கானிக்.

அவள் கைகள் கீழே இறங்கின. ஏறுமேடையை நோக்கி நடந்தாள்.

"அப்ப ரெண்டாவது வரியை முழுசாச் சொல்லுங்க சார்."

"எனக்காக யாரும் காத்திருக்கவில்லை."

மூன்றாவது வரியை அவர் அட்டையைப் பார்க்காமலேயே சொன்னார்.